சிம்முகே கிராமத்துத் தலைமையாசிரியர்

கிழக்குத் தாம்பரம்
8-8-1971

அன்புள்ள தம்பி சுந்தர்சிங்குக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிப்பது முறை. இன்றைக்கு அந்த முறையைத் தள்ளி வைக்கிறேன். மாஸ்கோவுக்குப் போய் நாலு வருஷமாக ரஷ்யப் புத்தகங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறாய். இத்தனை நாளும் குளிர், முட்டைக்கோஸ், மொழிபெயர்ப்பு என்று எழுதியவன், போன வாரம் வந்த கடிதத்தில் நாலாம் பக்கத்து ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இதை முதல் பக்கத்தில் எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

எனக்குக் கோபம் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் உன் அக்கா இன்னும் மிஸ் ஞானஜோதியாகவே பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருக்கிறாள். முப்பத்தைந்து வயதில் நீயாவது செய்துகொள்வதில் சந்தோஷம்தான். ஆனால் வேரா கிம் என்ற பெயரை வைத்துக்கொண்டு நான் அம்மாவிடம் என்ன சொல்வது? வேரா என்றால் ரஷ்யப் பெயர். கிம் என்றால்? அம்மா இரண்டு நாள் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்கள்: "ஊரு பேரு தெரியாத பொண்ணை எப்படிடி கோயில்ல கொண்டுபோய் நிறுத்துறது?"

கேள்வி நியாயமானதுதான். அங்கே நீங்கள் அரசாங்க அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டாலும், அடுத்த கோடையில் இங்கே வந்து நம் சபையில் ஆசீர்வாதம் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஓலை வாசிக்க வேண்டும். இன்ன ஊரில் இன்னாருக்குப் பிறந்த மகள், இவளை இவன் மணப்பதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபை நடுவில் கேட்க வேண்டும். அந்த 'இன்ன ஊர்' எது? அதை மட்டும் ஒழுங்காக எழுது. ஞானஸ்நானம் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சோவியத் தூரக்கிழக்கைப் பற்றி நீ மொழிபெயர்க்கும் பூகோளப் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறு கடலில் சேரும் இடத்துக்கு 'ஆற்று வாய்' என்று எழுதியிருக்கிறாய். ஆற்றுக்கு ஏது வாய்? கழிமுகம் என்று எழுது. படித்ததெல்லாம் மறந்துபோச்சா?

உன் அக்கா,
ஞானஜோதி

*

மாஸ்கோ
12-9-1971

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் அசரியா கையில் வருகிறது. நம் சபைப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று சுருதி தப்பிய அதே அசரியாதான். குரோம்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்று அவனை வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இங்கே அனுப்புகிறது. தோல் சாம்பிளுக்கு நடுவில் வருவதால் கடிதம் கொஞ்சம் நாறும். ஆனால் தபாலில் எழுத முடியாததைக் கொஞ்சம் தாராளமாக எழுதலாம்.

வேரா எங்கள் பதிப்பகத்தில் வரைபடம் வரைபவள். புத்தகம் எந்த மொழியில் போகிறதோ அந்த மொழி எழுத்தில் படங்களைத் திரும்ப வரைவது அவள் வேலை. தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அவள் எழுதும் 'ழ'வைப் பார்த்தால் நீ உன் மாணவிகளைத் திட்டுவாய். அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது. என் எழுத்து மோசமாக இருப்பதாகப் புகார் சொல்ல வந்தாள்.

அவள் கொரிய இனம். நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் அதே இடத்துக்காரிதான். ரஷ்ய மொழியில் அந்தப் பிரதேசத்துக்குப் பெயரே கடலோரம் என்றுதான் பொருள். படத்தை எடுத்துப் பார். கிழக்கே ஜப்பான் கடல். நடுவில் சிகோதே-அலின் மலை, அதில் புலி இருக்கிறது. மேற்கே உசூரி ஆறு, அதற்கு அந்தப் பக்கம் சீனா. தெற்கே நிலம் ஒல்லியாகி வாலைப் போலக் கொரியாவைத் தொடுகிறது. அங்கேயும் நம்மைப் போலப் பருவமழை, ஆனால் குளிர்காலத்தில் துறைமுகம் உறைந்துவிடும். அந்த வால் பக்கத்தில், கடலுக்கு ஒரு மைல் உள்ளே, சிம்முகே என்ற கிராமம். 1937 பிப்ரவரியில் வேரா அங்கே பிறந்தாள். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் கஜகஸ்தானுக்கு இடம் மாறிவிட்டது. ஏன் மாறியது என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. ஆயரிடம் கஜகஸ்தான் என்றே சொல்லிவிடு.

அம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன், ஊரில்லாத பெண் என்று அவர்கள் நினைக்காமல் இருப்பதற்காக. வேராவின் சித்தப்பா மூன்று வருஷத்துக்கு முன், அனுமதிச் சீட்டு இல்லாமல், மீன் லாரியில் ஒளிந்து போய் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் நின்றாராம். அங்கிருந்து ஒரு கூழாங்கல் கொண்டுவந்து வேராவுக்குக் கொடுத்தார். அவள் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறாள். சொந்த ஊரின்மேல் இத்தனை பாசம் உள்ள குடும்பம். அம்மாவிடம் சொல். வேறு யாரிடமும் சொல்லாதே.

கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அந்நியனைக் கட்டிக்கொள்வதென்றால் இங்கே லேசில் கொடுக்க மாட்டார்கள். மாதக் கணக்கில் ஆகும்.

நாலாம் அத்தியாயம் வைத்திருக்கிறேன். மக்கள்தொகை அட்டவணையைக் கவனமாகப் பார். உதேகே, நானாய் என்ற பழங்குடிப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று எனக்கே குழப்பம்.

அன்புத் தம்பி,
சுந்தர்

*

கிழக்குத் தாம்பரம்
24-10-1971

அன்புள்ள சுந்தருக்கு,

கடிதம் நிஜமாகவே நாறியது. அம்மாவிடம் கூழாங்கல் கதையைப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பாவம், நல்ல ஜனங்கதான்" என்றார்கள். பாதி ஜெயித்துவிட்டாய்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். உன் அட்டவணையைப் பார்த்தேன். நூறு பேரில் எண்பத்தைந்துக்கு மேல் ரஷ்யர். அப்புறம் உக்ரேனியர், பைலோரஷ்யர், தாத்தாரியர். பிறகு நீ சொன்ன உதேகே, நானாய், இன்னும் தாஸ் என்று ஒரு கைப்பிடி. கடைசியில் 'மற்றவர்'. சரி என்று வைத்துவிட்டிருப்பேன். ஆனால் பூகோள வாத்தியாரம்மாவுக்கு ஒரே புத்தகத்தை நம்பும் பழக்கம் இல்லை. கல்லூரி நூலகத்தில் தூசி தட்டி ஒரு பழைய ஆங்கில நூலை எடுத்தேன். 1926 கணக்கு அதில் இருக்கிறது. விளாதிவஸ்தோக் வட்டாரத்தில் நாலு பேரில் ஒருவர் கொரியர்! ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். உன் புத்தகத்தில் அவர்கள் 'மற்றவர்' என்ற சொல்லுக்குள் போய்விட்டார்கள். பஞ்சமா, கொள்ளை நோயா, போரா? ஒன்றும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் பேர் ஒரு பூகோளப் புத்தகத்திலிருந்து காணாமல் போனால் கேட்க வேண்டாமா?

கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்காமல் விட்டதன் பலனை நான் அனுபவித்தவள். நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ரயில்வே குமாஸ்தா எனக்கு நிச்சயமானபோது, அப்பா அந்த ஊரில் ஒருவருக்கும் ஒரு கார்டு எழுதிப் போடவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது நல்ல பையன் என்றார்கள். மூன்றாவது ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று ஆயர் கேட்டபோது, பின் வரிசையிலிருந்து ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு எழுந்து நின்றாள். பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகு நான் அந்த வரிசைப் பக்கம் திரும்பியதில்லை.

அதனால் பெண் வீட்டு விசாரிப்பை நான் செய்துவிட்டேன். நீ பயப்படாதே, மரியாதையாகத்தான் செய்தேன். புது ஊரில் யாரையும் தெரியாவிட்டால் அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதுவதுதான் நம் வழக்கம். அவர் ஒருவருக்குத்தான் எல்லா வீட்டையும் தெரியும், யாருக்கும் வேண்டியவராகவும் இருக்க மாட்டார். 'தலைமையாசிரியர், சிம்முகே கிராமம், கடலோரப் பிரதேசம்' என்று முகவரி எழுதி, நானும் ஆசிரியைதான் என்று அறிமுகம் செய்துகொண்டு, வேராவின் பெயர், பிறந்த வருஷம் எல்லாம் எழுதி, குடும்பம் எப்படிப்பட்டது என்று கேட்டேன். கூடவே, கொரியர்கள் எல்லாம் எங்கே போனார்கள், இப்போது ஊரில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டேன். அந்தப் பக்கத்துக் கடற்கரையைப் பட்டர் காகிதத்தில் வரைந்து, சாலை, ரயிலடி, துறைமுகம், பள்ளிக்கூடம் எங்கே இருக்கின்றன என்று தெரியாத இடங்களில் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டு வைத்தேன். அவர் நிரப்பி அனுப்பினால் உன் புத்தகத்துக்கும் உதவும். என் ஆயுளிலேயே நான் வரைந்த நல்ல படம் அது.

தபாலாபீஸ் சம்பத் எடை போட்டுவிட்டு, "மாஸ்கோ தெரியும்கா. இது இன்னா ஊரு, ஜப்பான் பக்கத்துல கீது?" என்றான். ஒன்பதாம் தேதியே விமானத் தபாலில் போய்விட்டது.

அக்கா

*

மாஸ்கோ
20-11-1971

அன்புள்ள அக்காவுக்கு,

இது தபாலில் வருகிறது.

உன் கடிதம் கிடைத்தது. ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இன்னொரு கடிதத்தை நீ அனுப்பியிருக்க மாட்டாய், எனக்குப் பூச்சி காட்டுகிறாய் என்று எண்ணிப் பார்த்தேன். நீ அப்படி விளையாடுபவள் இல்லை.

நம் ஊரில் விமானப்படை முகாம் வேலி ஓரமாக ஒரு வெளிநாட்டான் வந்து நின்று, சேலையூருக்கு எந்த வழி, ரயிலடி எங்கே, இங்கே முன்பு குடியிருந்தவர்கள் எங்கே என்று சிவப்பு மையில் குறித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்களா? இரண்டு வருஷத்துக்கு முன் உசூரி ஆற்றில் சீனர்களோடு என்ன நடந்தது என்று நீ பேப்பரில் படித்திருப்பாய். அந்த ஆற்றங்கரைப் பிரதேசத்துக்குத்தான் நீ படம் அனுப்பியிருக்கிறாய். அங்கே போக எனக்கு அனுமதி கிடையாது. வேராவுக்கே கிடையாது.

சம்பத்தைக் கேட்டு, திரும்ப வாங்க வழி இருந்தால் வாங்கு. பதில் எதுவும் வந்தால் தொடாதே. எனக்கு அனுப்பாதே. அம்மாவின் முட்டிவலி, பெருங்களத்தூர் ரயில் லேட், பீர்க்கன்கரணை ஏரியில் தண்ணீர் எவ்வளவு, இதை மட்டும் எழுது.

சுந்தர்

*

கிழக்குத் தாம்பரம்
28-12-1971

அன்புள்ள சுந்தருக்கு,

உன் நவம்பர் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. போர் நடந்த இரண்டு வாரமும் தபால் தாறுமாறு. இங்கே ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். முகாம் பக்கத்தில் இருப்பதால் சைரன் ஊதினாலே அம்மா ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். உன் உறையின் ஓரத்தில் யாரோ இரண்டாம் தரம் பசை தடவியிருந்தார்கள். பசை அதிகமாகி கடிதமே ஒட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர்க்காரர்களா, உங்கள் ஊர்க்காரர்களா, தெரியவில்லை.

நீ வீணாகப் பதறியிருக்கிறாய். அவர் பதில் எழுதிவிட்டார்! டிசம்பர் பதினாலாம் தேதி வந்தது. எத்தனை அழகான ஆங்கிலம் தெரியுமா? டைப் அடித்து, ஓரம் விட்டு, ஒரு பிழை இல்லை. கிராமத்து வாத்தியார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தூர தேசத்தில் ஒரு சக ஆசிரியை தம் வட்டாரத்தின்மேல் இத்தனை அக்கறை காட்டுவது மகிழ்ச்சி தருகிறது என்று எழுதியிருக்கிறார். கிம் குடும்பம் மரியாதைப்பட்ட குடும்பம்தானாம். ஆனால் அவர் இந்த ஊருக்குப் புதிது என்பதால் முழுசாகத் தெரியவில்லையாம். குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதினால் பழைய பதிவுகளோடு ஒத்துப்பார்த்துச் சொல்வதாகக் கேட்டிருக்கிறார். இப்போது உறவினர் எங்கே இருக்கிறார்கள், ஊருக்கு யாராவது வந்துபோனது உண்டா, இதையெல்லாம் எனக்குச் சொன்னது யார் என்று.

நான் மறுநாளே பதில் போட்டுவிட்டேன். உன் கடிதம் அதற்குப் பதினோரு நாள் கழித்து வந்தால் நான் என்ன செய்வது? கஜகஸ்தானில் வேராவின் அம்மா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், சொந்த ஊர்ப் பாசத்தில் மீன் லாரியில் வந்து பார்த்துவிட்டுக் கூழாங்கல் எடுத்துப்போன மனிதர், இதெல்லாம் மாஸ்கோவில் பதிப்பகத்தில் இருக்கும் என் தம்பி எழுதித் தெரியும் என்று எழுதினேன். குடும்பத்தைப் பற்றி நல்லதைத்தானே சொன்னேன்?

'யாரிடமும் சொல்லாதே' என்று நீ எழுதியிருந்ததை இன்று திரும்ப எடுத்துப் படித்தேன். வாத்தியாருக்கு வாத்தியார் சொல்வதை அதில் சேர்க்கத் தோன்றவில்லை. ஒரு வரி எழுது, சுந்தர். எல்லாம் சரி என்று ஒரே ஒரு வரி.

அக்கா

*

மாஸ்கோ
6-2-1972

அன்புள்ள சகோதரிக்கு,

நான் நலம். இங்கே வேலை அதிகம். குளிர் இந்த வருடம் மிதமாக உள்ளது. தங்கள் கடிதம் கிடைத்தது. தாயாரின் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும். பூகோள நூலின் பணி வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளதால் தாங்கள் இனிப் பக்கங்களைத் திருத்த வேண்டிய அவசியமில்லை. திருமணம் பற்றித் தெரிவிக்க எதுவும் இல்லை.

இப்படிக்கு,
சுந்தர்சிங்

*

கிழக்குத் தாம்பரம்
2-3-1972

அன்புள்ள சுந்தருக்கு,

என்னைத் 'தாங்கள்' என்று எழுத உனக்கு எப்படிடா கை வந்தது? பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்டவன். எழுத்து உன் எழுத்துதான், ஆனால் உனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. ஏழெட்டுத் தடவை படித்தேன். அம்மா கேட்டதற்கு, வேலை அதிகமாம் என்று மட்டும் சொன்னேன்.

அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்திருக்கிறது. நீ எனக்குப் பக்கங்கள் அனுப்பினாயா, யார் கையில் அனுப்பினாய், நான் வரைந்த படத்துக்கு மாதிரி எங்கிருந்து கிடைத்தது, படத்தை வரையும்படி யார் சொன்னது என்று கேட்கிறார். மிகவும் பணிவாகத்தான் கேட்கிறார். முதல் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், பரீட்சை எப்போது, கட்டிடம் ஒழுகுகிறதா என்று சொல்லாத ஒரு தலைமையாசிரியரை என் இருபது வருஷ அனுபவத்தில் நான் கண்டதில்லை.

இந்தத் தடவை பதில் எழுதவில்லை. தபாலில் இதற்கு மேல் நானும் எழுதப் போவதில்லை. ஏரியில் தண்ணீர் நன்றாக இருக்கிறது.

அக்கா

*

மாஸ்கோ
19-3-1972

அக்காவுக்கு,

இது அசரியா கையில். அவன் பயந்துகொண்டேதான் வாங்கிக்கொண்டான். படித்ததும் எரித்துவிடு.

அந்த ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. ஊரே கிடையாது. 1937 இலையுதிர் காலத்தில் இரண்டு நாள் அவகாசம் கொடுத்து, அந்தக் கடலோரத்துக் கொரியர்கள் அத்தனை பேரையும் சரக்கு ரயிலில் ஏற்றி, ஒரு மாதப் பயணம், கஜகஸ்தான் பக்கம் பாலைவெளியில் இறக்கிவிட்டார்கள். ஜப்பானுக்கு உளவு சொல்வார்கள் என்று சந்தேகமாம். வேராவின் அண்ணன் மூன்று வயதில் ரயிலிலேயே இறந்தான். எங்கே புதைத்தார்கள் என்று அவள் அம்மாவுக்குத் தெரியாது. உன் பழைய புத்தகத்துக்கும் என் புதிய அட்டவணைக்கும் நடுவில் காணாமல் போனவர்கள் எங்கே என்று கேட்டாயே, அங்கேதான் போனார்கள். சித்தப்பா மீன் லாரியில் போய்ப் பார்த்தது புல்லும் ஒரு மாவரைக்கும் கல்லும்தான். வீட்டு மரங்களைக்கூடப் பிரித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். இதை நான் முதல் கடிதத்திலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்குத் தெரிந்தது பாதி. அந்தப் பாதியையும் அம்மா மனம் கோணக்கூடாது என்று இனிப்பாக எழுதினேன். என் தப்பு அதுதான்.

முப்பத்தைந்து வருஷமாக ஆளில்லாத ஊரின் தலைமையாசிரியர் உனக்கு ஓரம் விட்டு டைப் அடித்துப் பதில் எழுதியிருக்கிறார். யார் அவர் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரியில் சித்தப்பாவைக் கூட்டிப்போனார்கள். இன்று வரை வீடு திரும்பவில்லை. வேராவை நாலு தடவை கூப்பிட்டார்கள். மேசைமேல் உன் படத்தை விரித்து வைத்திருந்தார்களாம். அவள் தொழில் வரைபடம். ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்து ஆசிரியை இத்தனை துல்லியமாக வரைய முடியாது, நீதான் வரைந்து வெளியே அனுப்பியிருக்கிறாய் என்றார்கள். ஒரு பேனாவைக் கொடுத்து அதே கடற்கரையைப் பத்துத் தடவை வரையச் சொன்னார்களாம். நீ நன்றாக வரைந்திருந்தாய், அக்கா. அதுதான் கெடுத்தது.

இதை அவள் சுரங்க ரயில் நிலையத்து நகரும் படிக்கட்டில், எனக்கு முன்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். படி முடிகிற வரைதான் நேரம். அதற்கு அடுத்த வாரம் அலுவலகக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து, கல்யாண விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகவும், என்னோடு தனக்கு எந்தப் பழக்கமும் இருந்ததில்லை என்றும் வாசித்தாள். எழுதிக் கொடுத்ததை வாசித்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குரல் நடுங்கவில்லை. இப்போது கஜகஸ்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். மேசை காலி.

எனக்கு உன்மேல் ஆத்திரம் இல்லை என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். பொய் சொல்ல வரவில்லை. ஆத்திரம் இருக்கிறது. இரவும் பகலும் இருக்கிறது.

என் பாஸ்போர்ட் அவர்களிடம். மே முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. விடுவார்களா என்பது ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: நான் சொல்லித்தான் நீ எழுதினாயா, நாம் இரண்டு பேரும் யாருக்காக இதைச் செய்தோம்? பெண் வீட்டை விசாரித்தாள், எங்கள் ஊர் வழக்கம் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் எல்லைக் கிராமத்தை ஒரு பெண் கல்யாணத்துக்காக விசாரிப்பாளா என்கிறார்கள். அந்த இரண்டாம் கடிதத்துக்கு நீ பதில் போடாவிட்டால் மறைக்கிறாய் என்பார்கள். போட்டால் என்ன போடுவாய்? எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு தடவையாவது யோசித்துச் செய்.

சுந்தர்

*

கிழக்குத் தாம்பரம்
16-4-1972

சுந்தர்,

அசரியா வெள்ளிக்கிழமை மறுபடியும் அங்கே வருகிறான். இதற்கு மேல் எதையும் தூக்கிவர மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்து எரித்தேன். உன் பழைய கடிதங்கள், நாலு வருஷத்துக் கடிதங்கள், அத்தனையும் எரித்தேன். வெந்நீர் அடுப்பில் போடும்போது அம்மா பார்த்துவிட்டார்கள். என்னடி என்றார்கள். பரீட்சைத் தாள் என்றேன். உன் எழுத்து அவர்களுக்குத் தெரியாதா? திரும்பி உள்ளே போய்விட்டார்கள்.

பதினைந்து நாள் யோசித்தேன். நான் செய்ததை எந்த விதத்தில் சொன்னாலும் அவர்கள் நம்பப் போவதில்லை. உண்மை அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. அப்படியானால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டும். உளவு என்று தேடுகிறவனுக்கு ஒரு குடும்பச் சண்டையைக் கொடுத்தால் சலித்துப்போவான். எல்லாத் தேசத்திலும் நாத்தனார் உண்டு.

அதனால் நேற்று அந்தத் தலைமையாசிரியருக்குப் பதில் எழுதிப் போட்டுவிட்டேன். என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டால் நீ முழிக்கக் கூடாது. இந்தக் கல்யாணத்தை உடைக்கத்தான் நான் விசாரித்தேன் என்று எழுதினேன். ஜாதி இல்லாத, மதம் இல்லாத, சப்பை மூக்குக்காரி எங்கள் வீட்டுக்கு வருவது எங்களுக்கு அவமானம், அவள் குடும்பத்தில் ஏதாவது குற்றம் கிடைக்குமா என்று தேடினேன், படத்தைக் கல்லூரி நூலகத்துப் பழைய நூலிலிருந்து நானே பிரதி எடுத்தேன், நூல் பெயரும் பக்க எண்ணும் இதோ என்று எழுதினேன். தம்பி அந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்கு எழுதியதில்லை, அம்மாவுக்கு எழுதியதைத் திருடிப் படித்தேன் என்றேன். சித்தப்பா லாரியில் போனதாகச் சொன்னது அவளை மாட்டிவிட நானே கட்டிய கதை என்று எழுதினேன். அந்த மனிதருக்கு அது உதவுமா, தெரியவில்லை. உதவ வேண்டும் என்று முட்டி போட்டுக் கேட்கிறேன்.

கடைசியில், இந்தப் பெண் விஷயத்தால் எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு முறிந்தது, அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, இனி அவனைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம் என்று முடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

கேவலமான கடிதம். எழுதி முடித்ததும் கை கழுவினேன். அதை வேராவுக்குக் காட்டுவார்கள். அவள் படிப்பாள். நான் அவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஒரு நல்ல வார்த்தை எழுதியதில்லை. என்னிடமிருந்து அவளுக்குப் போகிற முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதுதான்.

உன் ஆத்திரம் நியாயம். அதை வைத்துக்கொள், இப்போது அது உனக்கு உதவும். உன்னைக் கேட்கும்போது என்னைத் திட்டு, நன்றாகத் திட்டு, மனசார வரும். விடுவித்தால் டெல்லியிலோ பம்பாயிலோ வேலை தேடிக்கொள். தாம்பரம் பக்கம் வராதே. முறிந்த உறவு முறிந்ததாகவே தெரிய வேண்டும். இங்கேயும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேர் வந்து, என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, உலகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். பெயர் சொல்லவில்லை.

அம்மாவிடம் உன்னோடு நான் சண்டை போட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உன் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணும்போது மட்டும் எனக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகப் பண்ணுகிறார்கள்.

வேராவிடம் உண்மையைச் சொல்ல என்றைக்காவது வழி கிடைத்தால் சொல். கிடைக்காவிட்டால் நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ வெளியே வந்தால் போதும்.

இனி எனக்கு எழுதாதே.

அக்கா